பல்கலைக்கழகத்தில் பண்பாடுகளுக்கு இடையிலான கல்வி: பாடம் அமைக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் பல்கலைக்கழக அளவில் இப்படிப்பட்ட பாடங்களை வடிவமைப்பதிலும் நடத்துவதிலும் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். புதிதாக இந்த வேலையில் இறங்கும் தமிழ் விரிவுரையாளர்களும் ஆய்வு மாணவர்களும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காப்பிக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பண்பாடுகளுக்கு இடையிலான கல்வி என்றால் என்ன? பல பண்பாட்டுக் கல்வி என்று சொல்கிறோமே, அதுதானா?

இரண்டும் அக்காள் தங்கை மாதிரி. ஆனால் ஒருவர் அல்லர். பல பண்பாட்டுக் கல்வி, "இங்கே இன்னின்னார் வாழ்கிறார்கள், அவரவர் வழக்கம் இது" என்று அறிமுகம் செய்து வைக்கும். அதன் நோக்கம் ஏற்பு, அல்லது குறைந்தது சகிப்பு. பண்பாடுகளுக்கு இடையிலான கல்வி அதைத் தாண்டிப் போகிறது. இரண்டு பேர் சந்திக்கும்போது நடுவில் என்ன நடக்கிறது, யார் எதை விட்டுக்கொடுக்கிறார், யாருக்கு எது புரியாமல் போகிறது என்பதுதான் அதற்குப் பாடப்பொருள். யுனெஸ்கோ 2006-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறது: பக்கத்தில் பக்கத்தில் சும்மா இருப்பது போதாது, சேர்ந்து வாழும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று.

'இடையில்' என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தில் எந்த வாரத்தைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று குழம்பும்போதெல்லாம் எனக்கு வழிகாட்டியது அந்த ஒரு சொல்தான்.

சிங்கப்பூரில் எல்லாரும் கலந்துதானே வளர்கிறோம்? இங்கே இதற்குத் தனியாக ஒரு பாடம் எதற்கு?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். துறைக் கூட்டங்களிலும் கட்டாயம் வரும், ஆகவே பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

பக்கத்தில் இருப்பது வேறு, பழகுவது வேறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசாங்கக் குடியிருப்புகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. எந்தப் புளோக்கிலும் ஒரே இனத்தவர் மட்டும் குவிந்துவிடாமல் அது பார்த்துக்கொள்கிறது. 1964 ஜூலை 21-ல் வெடித்த இனக்கலவரத்தை நினைவில் வைத்து, பள்ளிகள் 1997 முதல் அதே தேதியில் இன நல்லிணக்க நாளை அனுசரிக்கின்றன. இதெல்லாம் பெரிய காரியம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் முதல் வகுப்பில் மாணவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "உங்கள் மாடியில் இருக்கும் வேற்று இனத்து அண்டைவீட்டாரின் வீட்டுக்குள் கடைசியாக எப்போது போனீர்கள்?" பதினைந்து, இருபது வருடம் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கியவர்கள், வாசல்படி தாண்டியதில்லை என்று மெதுவாகச் சொல்வார்கள்.

இது ஏன் என்று விளக்க கார்டன் ஆல்போர்ட் உதவுவார். வேற்றுக் குழுவினரோடு தொடர்பு ஏற்பட்டால் மட்டும் தப்பெண்ணம் குறைந்துவிடாது, அதற்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்று அந்த அமெரிக்க உளவியலாளர் 1954-ல் சொன்னார். இரு தரப்புக்கும் சமமான நிலை, பொதுவான குறிக்கோள், அதை அடையச் சேர்ந்து உழைப்பது, மேலிருப்பவர்களின் ஆதரவு ஆகியவை அந்த நான்கு. மின்தூக்கியில் சமநிலை உண்டு. சேர்ந்து செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. பத்தாவது மாடி வந்தால் கதவு திறக்கும், அவரவர் வழியில் போய்விடுவோம். பதின்மூன்று வாரம் நடக்கும் ஒரு பல்கலைக்கழக வகுப்பில், நாம் மனம் வைத்தால், இந்த நான்கு நிபந்தனைகளையும் ஒரே இடத்தில் உண்டாக்க முடியும். இந்த வயதில் அப்படிப்பட்ட இடம் வேறெங்கே கிடைக்கிறது? தேசிய சேவையை, அதாவது ஆண்களுக்கான கட்டாயப் படைப்பணியை, சிலர் சொல்வார்கள், சரிதான். ஆனால் அங்கே நின்று நிதானித்து யோசிக்க நேரமில்லை, பெண்களில் பெரும்பாலோர் அங்கே இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

கடைசியிலிருந்து தொடங்குங்கள். பதின்மூன்றாம் வாரம் வகுப்பை விட்டு வெளியேறும் மாணவருக்கு, முதல் வாரம் செய்ய முடியாத எதைச் செய்ய முடிய வேண்டும்? இதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். 'புரிந்துகொள்வார்', 'மதிப்பார்' போன்ற வினைச்சொற்களை வைத்து எழுதினால் பிறகு மதிப்பிடத் திண்டாடுவீர்கள். 'கேட்பார்', 'விவரிப்பார்', 'தன் ஊகத்தைச் சுட்டிக்காட்டுவார்', 'இரண்டு தரப்புக்கும் பொருந்தும் ஏற்பாட்டை முன்மொழிவார்' என்று, கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களாக எழுதுங்கள். வாசிப்பு, நடவடிக்கை, மதிப்பெண் எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கி அமையுங்கள்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, வாரத்துக்கு ஒரு பண்பாடு என்று பங்கு பிரிப்பது. இரண்டாம் வாரம் சீனர், மூன்றாம் வாரம் மலாய்க்காரர், நான்காம் வாரம் இந்தியர். இப்படிப் பிரித்தால் சந்திப்பு என்று ஒன்று எந்த வாரத்திலும் வராது. அதற்குப் பதிலாக இடங்களையும் தருணங்களையும் வைத்துப் பிரியுங்கள்: சாப்பாட்டு மேசை, மருத்துவமனைக் கட்டில், சாவு வீடு, வேலை நேர்காணல், விடுதி அறை. ஒவ்வொன்றிலும் எல்லாரும் இருப்பார்கள்.

எந்தக் கோட்பாட்டை அடிப்படையாக வைப்பது?

ஒன்றிரண்டு போதும். எனக்கு அதிகம் பயன்பட்டது, பண்பாடுகளுக்கு இடையே பழகும் திறனுக்கு மைக்கேல் பைரம் 1997-ல் முன்வைத்த மாதிரி. மனப்பாங்கு, அறிவு, பொருள்கொண்டு ஒப்பிடும் திறன், புதிதாகக் கண்டறிந்து பழகும் திறன், விமர்சனப் பார்வை என்று ஐந்து கூறுகள் அதில் உண்டு. மொழி ஆசிரியர்களை மனத்தில் வைத்து உருவான மாதிரி என்பதால் தமிழ், மலாய், சீன மொழித் துறைக்காரர்களுக்கு எளிதில் ஒட்டும். டார்லா டியர்டார்ஃப் 2006-ல் வெளியிட்ட மாதிரி, திறந்த மனமும் ஆர்வமும் முதலில், மற்றதெல்லாம் அதன்மேல் என்று சொல்கிறது. மதிப்பீட்டை யோசிக்கும்போது அது கைகொடுக்கும்.

பண்பாட்டு வேற்றுமையை ஒருவர் எப்படி எதிர்கொள்கிறார் என்று மில்ட்டன் பென்னட் 1986-ல் சொன்ன ஆறு படிநிலைகளும் பிரபலம்: மறுப்பு, தற்காப்பு, வேற்றுமையைச் சிறிதாக்குவது, ஏற்பு, தகவமைப்பு, ஒன்றிணைவு. இதில் மூன்றாவது படியைத்தான் நம் மாணவர்களிடம் அதிகம் பார்க்கிறேன். "எல்லாரும் மனுஷங்கதானே, என்ன பெரிய வித்தியாசம்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். பெரும்பான்மையினர் சொல்லும்போது "எல்லாரும் என்னைப் போலத்தான்" என்ற பொருள் அதற்குள் ஒளிந்திருக்கும். இந்த மூன்றாவது படிக்குக் கூடுதலாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிடும் ஹாஃப்ஸ்டெட்டின் அளவுகளை வணிகத் துறையினர் கேட்பார்கள். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த ஆய்விலிருந்து பிறந்தவை அவை. ஒவ்வோர் அளவிலும் ஒரு நாட்டுக்கு ஓர் எண் என்று கொடுத்துவிடுகின்றன. சிங்கப்பூருக்கும் ஓர் எண்தான்! தேக்காவில் காய்கறி விற்பவருக்கும் ஷென்டன் வேயில் வேலை பார்ப்பவருக்கும் அதே எண். கற்பிப்பதாக இருந்தால் அதைக் கேள்வி கேட்கவும் சேர்த்துக் கற்பியுங்கள்.

திருவிழா, உணவு, உடை இதெல்லாம் வைக்கவே கூடாதா?

வைக்கலாம். அதோடு நிறுத்திவிடக் கூடாது.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு கல்வி நிலையத்தில் பண்பாட்டு நாள் நடத்தினோம். பட்டியலில் 'இந்தியர்' என்று பதிவாகியிருந்த ஒரு மாணவியைத் தீபாவளி பற்றிப் பேசச் சொன்னோம். அவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் தீபாவளி கொண்டாடியதே இல்லை. மறுக்கத் தயங்கி, முந்தின நாள் இரவு இணையத்தில் படித்துவிட்டு வந்து, கடன் வாங்கிய புடவையில் நின்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் என்னிடம் சொன்னார். அந்தப் பிள்ளையிடம் நாங்கள் ஒரு வார்த்தை முன்னதாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றிலிருந்து என் பாடங்களில் ஒரு விதி உண்டு: யாரையும் அவருடைய இனத்துக்காகவோ மதத்துக்காகவோ பேசச் சொல்வதில்லை. தனக்கு நடந்ததைத் தனக்காகப் பேசலாம்.

உணவை வைத்தே ஆழமாகப் போகலாம். முறுக்கையும் பைனாப்பிள் டார்ட்டையும் தட்டில் வைத்துக் கொடுப்பதைவிட, "உங்கள் வீட்டில் விருந்தாளி சாப்பிட மறுத்தால் அம்மா எப்படி எடுத்துக்கொள்வார்?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் யாரும் கைப்பேசியைத் தொட மாட்டார்கள்.

களப்பணிக்கு எங்கே கூட்டிப் போவது?

சிங்கப்பூரின் பெரிய வசதி இது. எல்லாம் எம்ஆர்டி ரயில் தூரத்தில் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் போகும் மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது தெலுக் ஆயர் தெரு. இன்று சுற்றிலும் உயரமான அலுவலகக் கட்டடங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலைத் தூர்ப்பதற்கு முன் அதுதான் கடற்கரை. தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் அங்கே நாகூர் தர்கா கட்டினார்கள், நாகூர் சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக. சில அடி தள்ளி, ஹொக்கியன் சீனர்கள் 1839 முதல் 1842 வரை கட்டிய தியான் ஹொக் கெங் கோயில், கடல் தெய்வமான மாசுவுக்கு. இன்னும் சற்று நடந்தால் அல்-அப்ரார் பள்ளிவாசல். அது குடிசையாக இருந்த காலத்து நினைவில் தமிழர்கள் அதைக் 'குச்சுப் பள்ளி' என்றார்கள். கடலைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் நன்றி சொன்ன இடங்கள் அவை. மாணவர்களிடம் நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான்: மூன்று வாசல்களிலும் பத்துப் பத்து நிமிடம் நின்று, வாசலில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். காலணி, கை, தலை, குரல். உள்ளே என்ன இருக்கிறது என்பதை இணையத்தில் படித்துக்கொள்ளலாம். வாசலில் நடப்பதை அங்கே நின்றால்தான் பார்க்க முடியும்.

இரண்டாவது வாட்டர்லூ தெரு. ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும், சீனர்கள் கருணைத் தெய்வமாக வணங்கும் குவான் இம்மின் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். இது கலப்பா, மரியாதையா, பழக்கமா என்று வகுப்பில் விவாதம் வரும். ஒருமுறை ஒரு மாணவர், "அவங்ககிட்டயே கேட்டுட்டேன்" என்றார். அங்கே கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம்தான் கேட்டிருக்கிறார். அவருடைய பதில்: "பக்கத்து வீட்டுக்காரங்களைப் பார்த்தா வணக்கம் சொல்ல மாட்டோமா?"

மூன்றாவது எந்த உணவங்காடி நிலையமும். தட்டுகளைத் திருப்பி வைக்கும் அடுக்குகள் ஹலாலுக்கு ஒன்று, ஹலால் அல்லாதவற்றுக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கும். 2021 செப்டம்பர் முதல் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை உண்டு என்பதால் எல்லாரும் அங்கே வந்தாக வேண்டும். ஒரு மணி நேரம் அதன் எதிரே உட்காரச் சொல்கிறேன்.

இங்கேதான் 'பார்த்தது, நினைத்தது, தீர்ப்பு' என்ற பயிற்சி. ஒரு மாணவர் எழுதினார்: "ஒரு மலாய்ப் பெண் எந்த அடுக்கு என்று தெரியாமல் குழம்பினார்." நான் ஓரத்தில் எழுதினேன்: மலாய் என்று எப்படித் தெரியும்? குழம்பினார் என்று எப்படித் தெரியும்? அவர் திருத்தி எழுதியது இது: "தலைமுக்காடு அணிந்த ஒருவர் இரண்டு தட்டுகளோடு வந்தார். ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. அடுக்குகளுக்கு முன் நான்கைந்து விநாடி நின்றார். பிறகு பச்சையை இடப்பக்கமும் பழுப்பை வலப்பக்கமும் வைத்தார். திரும்பிப் போய் ஒரு சீன மூதாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்." குழம்பியவர் என்று முதலில் எழுதப்பட்டவர், வயதான ஒருவரின் தட்டையும் சேர்த்து எடுத்துவந்து, இரண்டையும் சரியான இடத்தில் வைத்தவராகிவிட்டார். அந்தத் தாளை, அவருடைய அனுமதியோடு, ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் காட்டுகிறேன். ('சீன மூதாட்டி' என்பதும் ஊகம்தானே என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அப்படிக் கேட்பவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

வழிபாட்டுத் தலங்களுக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே பொறுப்பாளர்களிடம் பேசிவிடுங்கள். உள்ளே போக விரும்பாத மாணவருக்கு வெளியிலேயே முடிக்கக்கூடிய அதே தரமுள்ள வேலை இருக்கட்டும். காரணம் கேட்காதீர்கள்.

சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு பிரிவை வகுப்பில் எப்படிக் கையாள்வது?

மறைக்கவும் வேண்டாம், அதுவே உண்மை என்று வைக்கவும் வேண்டாம். அதையே ஒரு பாடமாக்குங்கள். அரசாங்க ஆவணங்களில் இருக்கிறது, வீடு வாங்கும்போது இருக்கிறது, தாய்மொழிப் பாடத்தில் இருக்கிறது. 2011 முதல் கலப்பு மணப் பிள்ளைகளுக்கு இரட்டை இனப் பதிவுக்கும் வழி உண்டு. 'இந்தியர்' என்ற ஒரே பெட்டிக்குள் தமிழர், மலையாளி, சீக்கியர், சிந்தி, குஜராத்தி, நேற்று பெங்களூரிலிருந்து வந்தவர், நான்கு தலைமுறையாக இங்கே இருப்பவர் எல்லாரும் இருக்கிறார்கள். 'சீனர்' பெட்டியும் அப்படித்தான், ஹொக்கியன், தியோச்சூ, கண்டனீஸ், ஹக்கா என்று. பெட்டிக்குள் இருக்கும் இந்த வேறுபாடுகளைத் தாங்களே சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் மாணவர்கள்மேல் அந்தப் பெட்டியின் பிடி தளர்கிறது.

தமிழ் மாணவர்களை இந்த வகுப்பில் எப்படி நடத்துவது? தமிழுக்கு இதில் என்ன இடம்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் இந்தியர் 9 விழுக்காடு. வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. நாற்பது பேர் வகுப்பில் இது ஒரே ஒருவர். அந்த ஒருவர்மீது எல்லாருடைய கண்ணும் போகும். தைப்பூசம் வந்தால் அவரைப் பார்ப்பார்கள், சாதி பற்றிப் பேச்சு வந்தால் அவரைப் பார்ப்பார்கள், 2013-ல் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரம் வந்தாலும் அவரைத்தான். ஆசிரியர் தமிழராக இருந்தால் அந்தப் பாரத்தில் பாதியைத் தாம் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால், தகவல் எல்லாம் வாசிப்பிலிருந்தே வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கு இடம் நிறைய உண்டு. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று அது. 1935-ல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது. 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் கேம்பல் லேனில் இருக்கிறது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழில் இளங்கலைப் பட்டமே படிக்கலாம். ஆனால் என் வகுப்பில் தமிழ் மிக நன்றாகப் பயன்பட்டது வேறு விதத்தில்.

ஒருமுறை ஒரே குழுவில் இரண்டு தமிழ் மாணவர்கள். ஒருவர் இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் வளர்ந்தவர், இன்னொருவர் திருச்சியிலிருந்து படிக்க வந்தவர். ஈசூன் பிள்ளை காலையில், "பசியாறியாச்சா?" என்று கேட்டார். இங்கே அது 'காலை உணவு ஆச்சா' என்ற சாதாரண விசாரிப்பு. திருச்சிப் பிள்ளைக்கு, நீ பட்டினியாக வந்தாயா என்று கேட்பதுபோல் இருந்ததாம். வகுப்பில் இதைச் சொன்னபோது மற்றவர்கள் வியந்துபோனார்கள்: "நீங்க ரெண்டு பேரும் ஒரே மொழிதானே?" சீனாவிலிருந்து வந்த ஒரு மாணவி உடனே சிங்கப்பூர் மாண்டரினில் தான் தடுமாறிய இடங்களை அடுக்கினார். இனங்களுக்கு நடுவில் மட்டும்தான் 'இடையில்' என்பது இருக்கிறது என்ற எண்ணம் அன்று உடைந்தது.

குழுக்களை நானே பிரிக்கலாமா, அவர்களே சேர்ந்துகொள்ளட்டுமா?

நீங்களே பிரியுங்கள். அவர்களிடம் விட்டால் தெரிந்தவர்களோடு சேர்வார்கள், அது மனித இயல்பு. நான்கு பேர் சரியான அளவு. ஒரே ஒரு சிறுபான்மையினரைத் தனியாக ஒரு குழுவில் போடாமல், முடிந்தவரை இரண்டிரண்டு பேராகப் போடுங்கள். குழுவை ஏழாம் வாரத்தில் மாற்றாதீர்கள். முதல் ஆறு வாரம் எல்லாரும் மரியாதையாகத்தான் இருப்பார்கள். எட்டாம், ஒன்பதாம் வாரத்தில் ஒருவர் தாமதமாக அனுப்புவார், ஒருவர் நேரடியாகக் கடிந்துகொள்வார், ஒருவர் பேசாமல் முழு வேலையையும் தானே செய்துவிடுவார். அந்த உரசலில்தான் பாடம் இருக்கிறது. அதை எழுதுவதற்கென்றே ஒரு சிறு பணியைப் பத்தாம் வாரத்தில் வையுங்கள்.

வகுப்பில் இனம், மதம் பற்றிய பேச்சு சூடாகிவிட்டால்?

ஆகும். ஆகாவிட்டால்தான் எனக்குக் கவலை.

முதல் வாரமே சட்டத்தைச் சொல்லிவிடுங்கள். சமய நல்லிணக்கத்தைப் பராமரிக்கும் சட்டம் 1990-லேயே வந்தது. இன நல்லிணக்கத்துக்கான தனிச் சட்டம் 2025-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மிரட்டலாக இல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். கூடவே வகுப்பின் விதிகளை மாணவர்களே எழுதட்டும். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு வடிவில் வந்துவிடும் விதி: இங்கே சொன்னதை, சொன்னவர் பெயரோடு வெளியே கொண்டுபோகக் கூடாது.

பேச்சு சூடானால் உடனே அணைக்கப் பாயாதீர்கள். "இரண்டு நிமிடம் எல்லாரும் எழுதுங்கள்" என்பேன். என்ன கேட்டீர்கள், உங்களுக்குள் என்ன நடந்தது, அவரிடம் எதைக் கேட்க விரும்புகிறீர்கள் என்று. பேனா ஓடும்போது மூச்சு இறங்கும். அதற்குப் பிறகு கேள்விகளை மட்டும் வாசிக்கச் சொல்வேன். ஒருமுறை, "வாடகைக்கு வீடு தேடியபோது 'இந்தியருக்கு இல்லை' என்றார்கள்" என்று ஒரு மாணவர் சொன்னார். இன்னொருவர், "அது சமையல் வாசனைக்காகத்தான், இனத்துக்காக இல்லை" என்றார். வகுப்பு உறைந்துவிட்டது. எழுதி முடித்தபின் அந்த இரண்டாமவர் வாசித்த கேள்வி: "அன்னைக்கு நீ வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட என்ன சொன்னே?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முதல் மாணவர் நேரம் எடுத்துக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம்.

யாராவது காயப்பட்டால் வகுப்பு முடிந்த கையோடு தனியாகப் பேசுங்கள். மறுநாள் என்று தள்ளிப்போடாதீர்கள். தேவையானால் மாணவர் ஆலோசனைப் பிரிவுக்கு நீங்களே அழைத்துப் போங்கள்.

மனப்பாங்குக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

போடாதீர்கள். ஒருவருடைய நம்பிக்கைக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால், மாணவர்கள் நமக்குப் பிடித்ததை எழுதக் கற்றுக்கொள்வார்கள். "இந்தப் பாடம் என் கண்ணைத் திறந்தது" என்று முடியும் கட்டுரைகள் வந்து குவியும். நம் பிள்ளைகள் தேர்வெழுதுவதில் கெட்டிக்காரர்கள்.

நான் பார்ப்பது நான்கு: விவரிப்பு எவ்வளவு துல்லியம், தன் ஊகம் எது என்று சுட்டினாரா, வேறு விளக்கங்களைத் தேடினாரா, அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று தெரிகிறதா. "நான் இன்னும் அவர் சொன்னதை ஏற்கவில்லை" என்று முடியும் கட்டுரைக்கும் உயர்ந்த மதிப்பெண் கிடைக்கலாம், கிடைத்திருக்கிறது. இந்த அளவுகோலை முதல் வாரமே கையில் கொடுத்துவிடுங்கள், ஒரு மாதிரிக் கட்டுரையோடு.

எவ்வளவு வேலைச் சுமை கொடுக்கலாம்?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நான்கு அலகுப் பாடம் என்றால் வாரத்துக்குப் பத்து மணி நேரம், வகுப்பும் வாசிப்பும் எல்லாம் சேர்த்து. களப்பணிப் பயண நேரத்தையும் அதற்குள் கணக்கிடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பகுதிநேர மாணவர்களாக இருந்தால் களப்பணியைச் சனிக்கிழமைக்கு வையுங்கள், அல்லது வேலையிடத்திலேயே செய்ய விடுங்கள். தாதியாக இருப்பவருக்கு வார்டைவிடச் சிறந்த களம் கிடையாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இணையம்வழி சேர்ந்து நடத்தலாமா?

நடத்தலாம், நான்கைந்து வாரத்துக்கு. நேர வித்தியாசம் குறைவான நாடாகப் பாருங்கள். சேர்ந்து செய்ய ஒரு வேலை கட்டாயம் இருக்கட்டும், வெறும் அறிமுகப் பேச்சு இரண்டாம் வாரமே வற்றிவிடும்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். எனக்கு இதை நடத்தத் தகுதி உண்டா?

உண்டு. ஒரு சொல்லை இடம், காலம், பேசுபவர், கேட்பவர் பார்த்துப் பொருள்கொள்ளும் பயிற்சி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. சங்கப் பாடலுக்குத் திணையும் கூற்றும் பார்த்தவர்களுக்கு, யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்று கேட்பது கைவந்த கலை. சமூகவியலோ உளவியலோ படித்த ஒருவரோடு சேர்ந்து நடத்துங்கள். முடிந்தால் அவர் வேற்று இனத்தவராக இருக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் வகுப்பின் முன் கருத்து மாறுபடுவதை மாணவர்கள் பார்ப்பது நல்லது.

பாடம் வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பருவ இறுதியில் பல்கலைக்கழகம் எடுக்கும் கருத்தாய்வு, மாணவர்களுக்குப் பாடம் பிடித்ததா என்று சொல்லும். கற்றார்களா என்று சொல்லாது. நான் முதல் வாரமும் பதின்மூன்றாம் வாரமும் ஒரே கேள்வியைக் கொடுக்கிறேன். இதற்கு மதிப்பெண் இல்லை.

கேள்வி இதுதான்: விடுதியில் உங்கள் தளத்துக்கு நீங்கள் பொறுப்பாளர். பொதுக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மாணவர் வைத்த பன்றி இறைச்சிப் பொட்டலம், இன்னொருவருடைய தயிர் டப்பாவின் மேல் இருந்திருக்கிறது. தயிருக்கு உரியவர் கோபமாக உங்களிடம் வருகிறார். என்ன செய்வீர்கள்?

முதல் வாரம் பெரும்பாலும் விதிகளாக எழுதுவார்கள். சென்ற முறை ஒரு பொறியியல் மாணவர் படமே வரைந்திருந்தார்: மேல் தட்டு முஸ்லிம்களுக்கு, கீழ்த் தட்டு மற்றவர்களுக்கு, நடுவில் பூட்டு. பதின்மூன்றாம் வாரம் அவர் படம் வரையவில்லை. இப்படி எழுதியிருந்தார்: "தயிர் யாருடையது என்று கேள்வியில் இல்லை. போன தடவை நான் முஸ்லிம் என்று எடுத்துக்கொண்டேன். சைவமாக இருக்கலாம். அல்லது பொட்டலம் ஒழுகியதில் டப்பா நனைந்திருக்கலாம், அதற்காகவும் கோபம் வரும். முதலில் அவரை உட்காரச் சொல்லி என்ன நடந்தது என்று கேட்பேன். பிறகு பொட்டலத்துக்கு உரியவரிடம் போவேன். அவருக்கு இது தெரிந்திருக்காது. குளிர்பதனப் பெட்டியை என்ன செய்வது என்று அவர்கள் இரண்டு பேரிடமும் கேட்ட பிறகுதான் என்னால் சொல்ல முடியும்."